இரண்டு ‘த’

எனக்குத் தேதி எழுதும் வியாதி உண்டு. உரக்கடையில் வருடந்தோறும் இலவசமாகத் தரும் டைரியில் மழை பெய்த நேரம், மேட்டூர் நீர்மட்டம், படித்து முடித்த புத்தகம், பல் பிடுங்கிய நாள் எல்லாம் எழுதி வைப்பேன். பீரோவின் மேல் இருபத்தாறு டைரிகள் இருக்கின்றன. குடித்த நாளுக்கு மட்டும் மூலையில் ஒரு ‘த’ போடுவேன். தண்ணி அடித்தேன் என்பதன் சுருக்கம். மனைவி பார்த்தாலும் புரியக் கூடாது என்று அப்படி வைத்தேன்.

போன வைகாசியில் அந்த ‘த’தான் என்னை மாட்டிவிட்டது.

அதற்கு இரண்டு வாரம் முன்பு, யாரிடமும் சொல்லாமல் ஒரே நாளில் குடியை நிறுத்தினேன். வீராப்புதான். மூன்றாம் நாள் காபி டம்ளரைத் தூக்க முடியாமல் கை உதறியது. அன்று மதியம் மோட்டார் கொட்டகையில் வலிப்பு வந்து விழுந்தேன். என்னைத் தஞ்சாவூருக்குத் தூக்கிப் போனவன் என் நண்பன். பம்புசெட் மெக்கானிக், இருபது வருடமாகக் குடியில் என் கூட்டாளி. ஆஸ்பத்திரியில் என் மகள் வயதுள்ள டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். கல்லீரல் வீங்கியிருக்கிறது, இனி குடித்தால் அது தாங்காது. தினமும் குடிப்பவர் தானாகத் திடீரென்று நிறுத்தினாலும் வலிப்பு வரும், உயிரே போகலாம்.

“குடிச்சாலும் ஆபத்து, நிறுத்தினாலும் ஆபத்துன்னா நான் எங்கதான் போறது?” என்றேன்.

“இங்க வரணும்” என்றார்.

ஒன்பது நாள் வார்டில் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் மனைவி சத்தியம் கேட்டாள். ஆயுசு முழுக்கத் தொடக் கூடாது என்றாள். முடிவுத் தேதி இல்லாத எதுவும் என் மண்டைக்குள் நிற்காது. ஒரு மாதம், ஒரு மண்டலம் என்று பேரம் பேசிப் பார்த்தேன். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “வாய்க்கால்ல தண்ணி வர்ற வரைக்கும் உங்களுக்குத் தண்ணி கிடையாது. மிச்சத்த அன்னிக்குப் பேசிக்கலாம்.”

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, கல்லணைக் கால்வாய் போய் முடிகிற கடைமடை. மேட்டூர் திறந்தாலும் எங்களுக்குத் தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நானோ எத்தனை நாள் என்று தெரியாமல் சத்தியம் செய்ய மாட்டேன். பழைய வருடங்களில் எப்போது வந்தது என்று பார்க்க எல்லா டைரியையும் இறக்கினேன்.

அப்போதுதான் தெரிந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்த நாளையும் நான் ‘த’ என்றே குறித்திருக்கிறேன்.

ஒரு வருடம் ஆனியில் மட்டும் எங்கள் வாய்க்காலுக்குப் பதினெட்டு முறை தண்ணீர் வந்திருந்தது. மேட்டூர் மூடிக் கிடந்த பங்குனியிலும் வாரம் தவறாமல் வந்திருந்தது. மனைவி டைரியை வாங்கிப் புரட்டினாள்.

“மாசியில இது எந்தத் தண்ணிங்க?”

நான் மாத்திரைகளைக் கட்டிலில் கொட்டி எண்ணத் தொடங்கினேன். அவள் இன்னொரு டைரியை எடுத்தாள், அப்புறம் இன்னொன்று. “இவ்வளவு பாஞ்சும் நம்ம வயலு ஏன் காஞ்சு கெடந்துச்சு?” என்று கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் தொற்றிக்கொண்டது. கட்டிலில் இருந்த மாத்திரைகள் சிதறும்வரை சிரித்தோம். பிறகு மகளுக்குக் காது குத்திய நாளின் பக்கம் வந்தது. அந்த மூலையிலும் ஒரு ‘த’. அதைப் பார்த்துவிட்டு டைரிகளை அவளே அடுக்கி வைத்தாள். நான் சத்தியம் செய்தேன்.

மேட்டூர் திறந்தார்கள், பிறகு கல்லணை. எனக்குப் பசி எடுக்கத் தொடங்கியது. தாளிக்கிற வாசனைக்கே வாயூறியது. விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்கப் போவேன், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி. நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. தண்ணீர் சீக்கிரம் வர வேண்டும். வந்தால் என் சத்தியம் முடிந்துவிடும், அதனால் வரவும் கூடாது. மதகு திறக்கும் லஸ்கரிடம் காலையில் சீக்கிரம் வருமா என்றும் சாயங்காலம் தாமதமாகுமா என்றும் கேட்டேன். மூன்றாம் நாள் அவர் என்னைக் கண்டதும் வேறு பக்கம் நடந்தார்.

தண்ணீர் வரும் நாளுக்கென்று நண்பன் ஒரு பாட்டிலைச் சாக்கில் சுற்றிக் கொட்டகையில் வைத்திருந்தான். அவன் வேதக்காரன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் நாற்பது நாளும் தொட மாட்டான். “நாப்பது நாள் இருக்க முடியுதுல்ல மாப்ள, அப்பறம் நான் எப்படிக் குடிகாரன்?” என்பான். மாலை போட்ட வருடங்களில் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு புதன்கிழமை காலை பத்து இருபதுக்குத் தண்ணீர் வந்தது. ஊரே கரையில் நின்றது. மனைவி பூவும் விதைநெல்லும் வைத்திருந்தாள், நண்பன் கக்கத்தில் சாக்குச் சுருள். நுரை, சருகு, ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் நகர்ந்து வந்தது. அதன் முன்னால் ஒரு காலி குவார்ட்டர் பாட்டில் ஆடி ஆடி வந்தது.

“பாரு மாப்ள, ஒனக்கு முந்தி அது வந்துடுச்சு” என்றான் நண்பன்.

கரை முழுக்கச் சிரித்தது. நான்தான் அதிகமாகச் சிரித்தேன். என் கண் மட்டும் சாக்கை விட்டு நகரவில்லை. வாய்க்காலில் இறங்கினேன். தண்ணீர் கணுக்காலில் ஏறியது. அங்கிருந்தே மனைவியைக் கேட்டேன், “வந்துடுச்சு. இப்ப?”

அவள் பூவைத் தூவிக்கொண்டே சொன்னாள், “கல்லணைய மூடற வரைக்கும்.”

“மூடினப்பறம்?”

“தண்ணி வர்ற வரைக்கும்.”

“இது எந்த ஊரு நியாயம் தங்கச்சி?” என்றான் நண்பன்.

“கடைமட நியாயம்ணே.”

நான் தலையாட்டினேன். இரண்டுக்கும் முடிவுத் தேதி இருக்கிறதே. நண்பன் சாக்கைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் கரையில் உட்கார்ந்திருந்தான். தனியாக நிறுத்திப் பார்க்காதே, ஆஸ்பத்திரிக்கு நானும் வருகிறேன் என்றேன். தவக்காலம் வரட்டும் என்று சொல்லிவிட்டு மொபெட்டைக் கிளப்பினான்.

வீட்டுக்கு வந்ததும் டைரியைத் திறந்து, பழக்கதோஷத்தில் ‘த’ என்று எழுதினேன். பின்னால் நின்றிருந்த மனைவி பேனாவை வாங்கி மிச்சத்தை எழுதினாள்: ‘ண்ணீர்’. அவள் எழுத்து பெரியது. கடைசி ‘ர்’ மறுநாள் கட்டத்துக்குள் போய்விட்டது.