ஓடத் தெரியாதவனை முதலில் எடுத்தேன்

பிள்ளைகளா, நீங்கள் இருவரும் இன்னமும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருகிறவர்களிடம்கூட, "எங்க அப்பாவுக்குத்தான் ஃபர்ஸ்ட் சாய்ஸ் கிடைச்சது, அவர் போய் ஊர்லயே ஸ்லோவான பையனை எடுத்தாரு" என்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நான் செய்தது தப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள். தப்பில்லை. ஏன் என்று எழுதி வைக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில், நியூ ஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக் பக்கம் நாம் வீடு மாறி வந்த புதிது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அவள் விசாவில் கூடவே வந்த நான், ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டர், மருந்தைப் பாட்டிலில் நிரப்பும் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். மகனே, சிறுவர் ஃபுட்பால் லீகில் சேர நீ ஒரு படிவம் கொண்டுவந்தாய். நம் ஊர் ஃபுட்பால் இல்லை, ஹெல்மெட் போட்டுக்கொண்டு இடித்து விழும் அமெரிக்க ஆட்டம். பெற்றோர் என்ன உதவி செய்வீர்கள் என்று கேட்டு வரிசையாகக் கட்டங்கள். விசாவுக்கும் கிரீன் கார்டுக்கும் எழுதி எழுதிப் பழகிய கை. ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் எனக்கு. ஆரஞ்சு நறுக்குவது, மைதானத்தில் கோடு போடுவது, கோச் வேலை, எல்லாவற்றிலும் டிக் போட்டேன்.

முதல் வருடம் ஆரஞ்சுதான் நறுக்கினேன். உங்கள் அணி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. பாதி ஆட்டத்துக்குள் எதிரணியிடம் முப்பது, நாற்பது பாயிண்ட் என்று வாங்கிவிடுவீர்கள். கார்களில் உட்கார்ந்து பையன்கள் அழுததை நான் பார்த்தேன். ஒவ்வொருவராக அணியிலிருந்து நின்றார்கள். கடைசியில் கோச்சும் நின்றுவிட்டார். லீக் தலைவர் படிவங்களைப் புரட்டியபோது கோச் கட்டத்தில் டிக் போட்டிருந்த ஒரே ஆள் நான்.

"எல்லாத்துலயும் போட்டீங்கல்ல? இப்ப போய் நில்லுங்க" என்றாள் அம்மா.

தலைவர் ஒரு நிபந்தனை வைத்தார். ஆடப் பதினோரு பேர் வேண்டும். ஏதாவது ஒரு சனிக்கிழமை அதற்குக் குறைந்தாலும் அணியைக் கலைத்துப் பையன்களை மற்ற அணிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். பழைய பையன்களில் எனக்கு மிஞ்சியது ஒன்பது பேர். புதிதாகச் சேரும் பையன்களை ஆறு கோச்சுகளும் முறை வைத்து எடுப்பார்கள், கடைசி இடத்தில் இருந்த அணிக்கு முதல் முறை.

புதுப் பையன்களை ஓடவிட்டு, இடிக்கவிட்டுப் பார்த்த அன்று, இருபத்துமூன்றாம் எண் ஒட்டிய பையன் ஓடியபோது எல்லோரும் விசிலடித்தார்கள். அவன் ஓடவில்லை, வழுக்கிக்கொண்டு போனான். நாற்பதாம் எண் பையன் கனத்த உடம்பு, மூச்சு வாங்கியபடி கடைசியாக வந்து சேர்ந்தான். ஆனால் ஒருவரை ஒருவர் தள்ளச் சொன்னபோது மூன்று பேர் மாறி மாறி மோதியும் அவன் கால் பெயரவில்லை.

மறுநாள் சாயந்திரம் உங்கள் இஞ்சினியர் அங்கிள் வீட்டுக்கு வந்தார். அவர் பையனும் உன் அணிதான். காபியை வாங்கிக் கீழே வைத்தவர் அதைத் தொடவே இல்லை.

"பாஸ், இதுல யோசிக்கவே ஒண்ணுமில்ல. ட்வென்டி த்ரீ. பாயிண்ட் போட்டாதானே ஜெயிக்க முடியும்? ஃபர்ஸ்ட் ஆஃபென்ஸ். தடுக்கிற டிஃபென்ஸ அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷம் டீம் இருக்கணுமே சார்."

"ஜெயிச்சா பசங்க ஏன் போறாங்க?"

"சார், எங்க ப்ளான்ட்ல பாட்டில் லைன் ஒழுகுதுன்னு வைங்க. ஸ்பீடு கூட்டினா என்ன ஆகும்? மருந்து தரையிலதான் நிக்கும். முதல்ல ஒழுகலை அடைக்கணும்."

"இது ஃபேக்டரி இல்லைங்க, ஃபுட்பால்!"

"அப்பா, ப்ளீஸ். ட்வென்டி த்ரீ" என்றாய் நீ, மாடிப்படியில் நின்று.

உனக்காக எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் பாயிண்ட் போட முடியவில்லை என்று எந்தப் பையனும் நின்றதாக நான் பார்க்கவில்லை. எதிரணிப் பையன்கள் மேலே ஏறி மிதித்துக்கொண்டு போகிறார்கள் என்றுதான் நின்றார்கள். நாற்பது பாயிண்ட் வாங்குகிற அணியில் ஓட்டக்காரன் ஒருவன் வந்தால் நாற்பதுக்குப் பன்னிரண்டு என்று தோற்போம். அழுகை நிற்காது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், பள்ளிச் சாப்பாட்டு ஹாலில் கூடினோம். "நாற்பது" என்றேன். ஒரு கோச் சிரித்தார். தலைவர், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்தி, வேகமாக ஓடியவன் இருபத்துமூன்று, ஒருவேளை எண்ணை மாற்றிச் சொல்கிறீர்களோ என்று கேட்டார். எனக்கு எண்கள் தெரியும் என்றேன். அடுத்த முறையும் தடுக்கிறவன், அதற்கடுத்ததும் தடுக்கிறவன். மொத்தம் எட்டுப் பேரை எடுத்தேன். ஓட்டக்காரன் ஒருவனும் இல்லை.

மகனே, நீ என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மகளே, நீதான் கேட்டாய்: "அப்பா, நம்ம டீம் பாயிண்ட்டே போடாதா?"

கிட்டத்தட்ட அப்படித்தான் ஆயிற்று. ஆறுக்குச் சைபர், ஏழுக்குச் சைபர் என்று தோற்றோம். வேறு அணிக்குப் போன அந்த இருபத்துமூன்று எங்களை ஒரே ஒரு முறை ஏமாற்றி ஓரமாக ஓடினான். அதுவே போதுமாக இருந்தது. "ஹீ குட் ஹேவ் பீன் அவர்ஸ்" என்று, மகனே, நீ முணுமுணுத்தாய். உண்மைதான். அவன் நம்மிடம் இருந்திருந்தால் அந்த ஆட்டத்தை ஜெயித்திருப்போம். அதை நான் மறுக்கவே இல்லை.

ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தோம். பந்து எதிரணியிடம். நாற்பதும் அவன் பக்கத்தில் நின்றவர்களும் அவர்களை அடி அடியாகப் பின்னால் தள்ளி, அவர்களுடைய எல்லைக் கோட்டையும் தாண்டிப் பந்தோடு விழவைத்தார்கள். அப்படிச் செய்தால் தடுத்தவர்களுக்கு இரண்டு பாயிண்ட். ஆட்டம் இரண்டுக்குச் சைபர். பாயிண்ட் போடத்தானே ஆஃபென்ஸ் என்றவர்களும் அன்று கை தட்டினார்கள்.

ஆனால் நான் அதைச் சொல்லிக் காலரைத் தூக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் விசிலுக்கு முன் தலைகளை எண்ணுவேன். பதினேழு. அடுத்த வாரமும் பதினேழு. கடைசி ஆட்டத்தன்று பதினாறு, ஒருவனுக்கு அம்மை போட்டிருந்தது. அன்றும் தோற்றோம். தலைவர் என் கையைக் குலுக்கி, அணியை அடுத்த வருடமும் வைத்துக்கொள்ளலாம் என்றார். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

இஞ்சினியர் அங்கிள் விடவில்லை. "சீசன்ல ஒரு மேட்ச் ஜெயிச்சிருக்கோம். இதுக்கா பாஸ் இவ்ளோ சிரிப்பு?"

"பதினாறு பேர் சார். எண்ணிப் பாருங்க."

அவர் எண்ணவில்லை. ஆனால் அவர் பையன் மறுவருடமும் என் அணியில்தான் ஆடினான்.

அந்தக் கடைசி ஆட்டத்தன்று, பந்துப் பையை எடுத்துக்கொண்டு பிறகு வருகிறேன் என்று உங்களை அம்மாவோடு காரில் அனுப்பினேன். எல்லாக் கார்களும் போன பிறகு, அந்தக் கனத்த பையன் நின்ற இடத்துக்குப் போனேன். புல் பெயர்ந்து சேறாகக் கிடந்தது. பேன்ட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து, ஒரு கையைச் சேற்றில் ஊன்றி, எதிரே யாரோ நிற்பதுபோல் தோளைக் கொடுத்து ஒரு முறை தள்ளினேன்.