நேரே போனால் மெல்பேர்ன்

ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே பிரான்ஸில் பெண்கள் மட்டும் ஓடும் கார் ரேலிப் போட்டிகள் இருந்திருக்கின்றன. குளிர்காலத்தில் பாரிஸிலிருந்து கிளம்பித் தெற்குக் கடற்கரை வரை போவார்களாம். ஒருத்தி ஓட்டுவாள், மற்றவள் வரைபடம் பார்த்து வழி சொல்வாள். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் என்னோடு வேலைசெய்த சிநேகிதி அந்தப் பழைய படங்களைப் போனில் காட்டினாள். பார்த்துக்கொண்டே இருந்ததில் எங்கள் தேநீர் ஆறிப்போனது.

"எடியே, நாங்கள் ரெண்டுபேரும் மெல்பேர்ன் வரைக்கும் ஓடிப் பாப்பம். நீ ஓடு, நான் வழி சொல்லுறன்" என்றாள்.

"ஓம்" என்றேன்.

அதற்காகவே என் சம்பளத்தில் கார் வாங்கினேன். கோயிலில் பூசை முடிந்ததும் ஐயர் கார்த் திறப்பை என் கணவரிடம் கொடுத்தார். சில்லுகளுக்கு அடியில் வைத்த தேசிக்காய்களை அவர்தான் காரை உருட்டி நசித்தார். பிறகு இறங்கிப் பக்கத்து இருக்கைக்குப் போனார். நெடுஞ்சாலையில் ஓட அவருக்குப் பயம். திறப்பை என் கையில் தராத எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை.

சிநேகிதி தன் கணவரின் வேலைக்காக மெல்பேர்னுக்கே குடிபோய்விட்டாள், விமானத்தில்.

வெள்ளிக்கிழமைகளில் குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்குக் கார் ஓடுகிறேன். நெடுஞ்சாலையில் ஓரிடத்தில் நேரே போனால் மெல்பேர்ன் பாதை. கோயிலுக்கு இடப்பக்கம் விலகவேண்டும். "இஞ்ச திரும்புமப்பா" என்று கணவர் ஒவ்வொரு முறையும் சொல்வார்.

போன வெள்ளி அவர் நித்திரையாகிவிட்டார். சாலை நேராகக் கிடந்தது. திரும்பச் சொல்ல ஒருவரும் இல்லை.

நானே இடப்பக்கம் திரும்பினேன்.