எந்த மாசம் குட்டி போடும்?

வனக்காவலர் என்றால் துப்பாக்கியோடு காடு சுற்றுபவர் என்றுதான் ஊர் நினைக்கிறது. உத்திரமேரூர்ப் பக்கம் எனக்கு வாய்த்ததோ, எந்த மிருகம் எப்போது குட்டி போடும் என்று கேட்பவர்களிடம் விழிக்கிற வேலை. இதே பிழைப்பில் மாட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பழவௌவால்

ஏரிக்கரை ஆலமரத்தடியில் காசிம் பாய் சைக்கிள் கடை வைத்திருந்தார். சைக்கிள் சீட்டெல்லாம் வௌவால் எச்சம். கிளையை வெட்ட பங்குனியில் அனுமதி கேட்டார். தாய் வௌவால்களின் வயிற்றைக் கவ்வியபடி குட்டிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. “அதுங்க பறக்கட்டும் பாய்” என்றேன். பொறுத்துக்கொண்டார்.

ஆவணியில் மறுபடி வந்தார். எங்கள் ரேஞ்சர், “இப்போது இணைசேரும் காலம், தொடாதே” என்று சொல்லிவிட்டார். எனக்கே தலை சுற்றியது. பாய் சாந்தமாகத்தான் கேட்டார்: “புள்ள பெத்தாலும் வெட்டக்கூடாது, ஜோடி சேந்தாலும் வெட்டக்கூடாது. நடுவுல எனக்கு எப்ப சார் லீவு?”

நரி

ஒரு தை மாதக் காலையில் ஜெயம்மா ஆபீசுக்கு வந்தார். கணவர் நெஞ்சுவலியோடு செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில். வீட்டுக்குப் பின்னால் நாலு நாளாக நரி ஊளையிடுகிறது. கெட்ட சகுனம், விரட்டுங்கள் என்றார்.

அது சாவுக்கு அழவில்லை, குளிர்காலத்தில் துணையைக் கூப்பிடும் குரல் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். இந்த நேரத்தில் இதைச் சொல்லலாமா என்று எனக்கே தெரியவில்லை. ஜெயம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “கூப்டுகினு கீதா? சரி, கூப்புடட்டும். நானும் எங்க வூட்டுக்காரர இட்டாரத்தான் போறேன்.”

கரும்புக் காட்டில் சிறுத்தை

சிறுத்தைக் குட்டி என்று தகவல். ஓடிப்போய்ப் பார்த்தால் கரும்பின் காய்ந்த சோகைக்குள் கண் திறக்காத மூன்று காட்டுப்பூனைக் குட்டிகள். ஆலை லாரி காத்து நின்றது. வெட்டும் கூட்டத்துக்குத் தலைவி, இருளர் குடியிருப்பைச் சேர்ந்த கன்னியம்மா. அந்த மூலையை விட்டுவிட்டு மறுகோடியிலிருந்து வெட்டச் சொன்னேன். லாரிக்குக் கட்டுகளைத் தூரம் சுமக்க வேண்டும். முகம் சுளித்தாலும் செய்தார்கள்.

மறுநாள் போனால் இடம் காலி. தாய் தூக்கிப் போயிருந்தது. வாயில் கவ்வி வரப்பு தாண்டியதைத் தானே பார்த்ததாகக் கன்னியம்மா சொன்னார். நிலத்துக்காரருக்கு மட்டும் திருப்தியில்லை. “எந்த மாசம் குட்டி போடும்னு சொல்லிட்டா, அந்த மாசத்த உட்டுட்டு வெட்டுவேன்” என்றார். என்னிடம் இருந்த புத்தகம் ஒரு மாதம் சொன்னது, ரேஞ்சர் வேறு மாதம் சொன்னார். திணறியபடி கன்னியம்மாவைப் பார்த்தேன்.

“எனக்கு இன்னா தெரியும் சார்? நாங்க கரும்பு வெட்டப் போறப்பல்லாம் எதுனா ஒண்ணு குட்டி போட்டுக்கினு கீது.”

இத்தனை வருஷ சர்வீசில் நான் தெரிந்துகொண்டது, யார் எந்த மாதத்தில் வந்து கேட்டாலும் “இதுதாங்க சீசன்” என்று சொல்லிவிட்டால் அநேகமாகத் தப்பாகாது என்பது மட்டும்தான்.