வெட்டாமல் பொருத்திய தாங்கி

அரியாலையில் உள்ள என் கராஜுக்கு ஒரு பழைய சொகுசுக் கார் வந்தது. அதன் பெற்றோல் தாங்கி துருவேறி உக்கிப்போயிருந்தது. சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பொறியியலாளர்.

"தம்பி, புதுத் தாங்கி போடும். ஸ்பெயார் சில்லும் பழைய இடத்திலை இருக்கவேணும். ஆனால் கார்ப் பொடியிலை, தகட்டிலை ஒரு இடமும் வெட்டக்கூடாது. வெட்டத்தான் வேணுமெண்டால் சொல்லும், கொழும்புக்கு அனுப்பிறன்."

கொழும்பு என்ற சொல் என்னைச் சுட்டது. உன்னால் முடியாது என்பதை அவர் மரியாதையாகச் சொன்னார்.

டிக்கியின் தளத்தில் சில்லுக்கு ஒரு குழி. அதற்குக் கீழே தாங்கி. இரண்டுக்கும் இடையே ஒரு விரல் இடைவெளிதான். திங்கள் காலை அளந்தேன். எந்த வேலையையும் திகதி, நேரத்தோடு எழுதிவைப்பது என் பழக்கம். மட்டையில் அச்சு வெட்டி, மூலைகளின் வளைவுவரை குறித்து, குருநகரில் வள்ளங்களுக்குத் தாங்கி செய்பவரிடம் கொடுத்தேன்.

வியாழன் பின்னேரம் அவரே கொண்டுவந்தார். அச்சுக்கு மயிரிழையும் பிசகவில்லை. தூக்கிப் பொருத்தினோம். பெற்றோல் ஊற்றும் வாய் தாங்கியின் மேற்பக்க நடுவில் நின்று சில்லுக் குழியின் அடியில் முட்டியது.

"என்னண்ணை, வாயை நடுவிலை வைச்சிருக்கிறியள்?"

"வள்ளத்துக்கு நடுவிலைதான் வைக்கிறது. எந்தப் பக்கம் சரிஞ்சாலும் சிந்தாது."

"இதை நான் கடலிலையே விடப்போறன்?"

"அதை மட்டையிலை எழுதியிருக்கலாமே. திகதி இருக்கு, நேரம் இருக்கு, வாய் எங்கையெண்டு மட்டும் இல்லை."

மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

"குழியிலை ஒரு வட்டம் வெட்டுவம். மேலை சில்லு கிடக்கும், ஆரும் காணமாட்டினம்," என்றார்.

"நான் காணுவன்," என்றேன்.

வெள்ளி முழுவதும் இருவரும் அதில்தான் நின்றோம். அவர் வாயை அறுத்தெடுத்து, அந்த இடத்தைத் தகடு வைத்து அடைத்தார். தாங்கியின் இடது மூலையிலிருந்து காரின் பழைய பெற்றோல் மூடிவரை புதுக் குழாய் எப்படி வளையவேண்டும் என்று நான் கம்பியில் வளைத்துக் காட்டினேன். மூன்றாவது கம்பிதான் சரிவந்தது. அதன்படி அவர் குழாயை வளைத்து ஒட்டினார். தாங்கிக்குக் காற்றடித்துச் சவர்க்கார நுரை பூசினோம். ஒரு குமிழிகூட எழவில்லை.

சனி காலை, குருநகர்க்காரரும் என்னோடு நிற்க, சொந்தக்காரர் வந்தார். சில்லைத் தூக்கச் சொல்லி, குழியைக் கையால் தடவினார். பாய் விரித்து, வெள்ளை வேட்டியோடு காரின் கீழே படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தார். எழுந்து காரை எடுத்துப்போய்த் தாங்கி நிறையப் பெற்றோல் அடித்துவந்தார். டிக்கியைத் திறந்து, தலையை உள்ளே நீட்டி மோந்தார்.

"பெற்றோல் மணக்கேல்லை," என்றார். "வெட்டவும் இல்லை. ஆர் செய்தது?"

நானும் குருநகர்க்காரரும் ஒரே நேரத்தில் "நான்" என்றோம்.