முந்தானையில் முடிந்த நட்டு

என் பேத்தி என்னை ஆயா என்று கூப்பிடுவாள். அவள் அம்மாவைப் பெற்றவரை, அதாவது என் சம்பந்தியை, போன் ஆயா என்பாள். கல்யாணத்துக்கு முன்னால் தங்கச் சுரங்க ஆபீசின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து, ஒயரை இந்த ஓட்டையிலிருந்து பிடுங்கி அந்த ஓட்டையில் சொருகியவராம். அதற்கு ஒரு பட்டம். நான் நாற்பது வருஷம் குழாயடியில் சண்டை போட்டிருக்கிறேன். என்னை ஒருத்தரும் குழாய் ஆயா என்று கூப்பிட்டதில்லை.

பேத்தி வாரமெல்லாம் ரயிலேறி பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ராபர்ட்சன்பேட்டையில் எங்கள் கூடத்தில் பாய் விரித்து, சத்தம் போடும் பெட்டி செய்கிறாள். சின்னச் சின்னப் பெட்டிகள். எதிலிருந்து எதற்கு ஒயர் சொருகுகிறோமோ, அதற்குத் தக்கபடி சத்தம் மாறும். மாடுலர் சிந்தசைசர் என்று பேராம். எனக்கு வாயில் நுழையவில்லை. சம்பந்திக்கு முதல் தடவையே நுழைந்தது. அன்றிலிருந்தே எனக்கு வயிற்றெரிச்சல்.

அந்த ஞாயிறு, பெட்டியின் முன்தகட்டில் ஒயர் சொருக எந்த ஜாக்கை வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். மொத்தமாக வாங்கிவிட்டால் மாற்ற முடியாது. அதற்காக ஆண்டர்சன்பேட்டையிலிருந்து ஆட்டோவில் வரவழைக்கப்பட்டார் போன் ஆயா. ஒரே வீட்டில் இருக்கிற என்னிடம் பேத்தி காபி மட்டும் கேட்டாள்.

சம்பந்தி முதலில் எடுத்தது, டெலிபோன் போர்டில் இருந்தது மாதிரி தடித்த ஜாக்.

"அது நாலு வெச்சா தகடே ரொம்பிடும், போன் ஆயா" என்றாள் பேத்தி.

எனக்குக் காபி இனித்தது. ஆனால் அவர் விடவில்லை. இயர்போன் அளவு ஜாக்கில் இரண்டு ரகம் இருந்தது. ஒன்றுக்கு இரும்புக் கழுத்து. தகட்டுக்கு வெளியே நட்டுப் போட்டு முறுக்க வேண்டும். இன்னொன்று பிளாஸ்டிக். நட்டே கிடையாது, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் ஈயம் வைத்து ஒட்டியதோடு சரி. சம்பந்தி நட்டு உள்ளதைக் காட்டினார்.

"நட்டு இல்லாததுதான் லட்சணமா கீது" என்றேன் நான். அவர் மற்றதைச் சொன்னார் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் இல்லை.

"ஆயா, சும்னிரு. ஒனக்கு இன்னா தெரியும்?"

ஒரே ஒரு தடவை, அவர் எதிரில், பேத்தி என் பேச்சைக் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மாதிரிக்கு, ரகத்துக்கு ஒன்றாக இரண்டு தகடு செய்து வைத்திருந்தாள். அவள் சார்ஜர் எடுக்க உள்ளே போனாள். சம்பந்தி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய ஜாக்கின் நட்டை விரலாலேயே கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். ஆடட்டும், அவர் மானமும் சேர்ந்து ஆடட்டும்.

பேத்தி வந்தாள். சம்பந்தியின் ஜாக்கில் ஒயரைச் சொருகினாள், பிடுங்கினாள், பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தாள். நாலாவது இழுப்பில் 'டக்' என்றது. ஜாக் போர்டை விட்டுப் பெயர்ந்து அவள் கையோடு வந்தது.

"பாத்தியாடி, ஒங்க போன் ஆயா செலக்சன!" என்றேன்.

"ஐயோ, நட்டு கழண்டு போயிருக்கு, ஆயா. நட்டு இல்லன்னா இழுப்பு பூரா ஈயத்து மேல வருது. அப்ப நீ சொன்ன நட்டு இல்லாத ஜாக் எல்லாமே இப்படித்தான் புட்டுகினு வரும்! போன் ஆயா சொன்னதுதான் கரெக்ட்."

என் கையாலேயே அவரை ஜெயிக்க வைத்துவிட்டேன்.

"அந்த நட்டு எங்க போச்சு?" என்று பேத்தி கட்டிலுக்கடியில் தலையை விட்டுத் தேடினாள். சம்பந்தி தேடவில்லை. என் முந்தானை முடிச்சைப் பார்த்தார். பிறகு பாயின் ஓரமாக என் பக்கம் உள்ளங்கையை நீட்டினார். நான் முடிச்சை அவிழ்த்தேன்.

"இந்தா கெடச்சிடுச்சு. பாய்க்கடியில கீது" என்றார்.

"போன் ஆயா கண்ணே கண்ணு!"

காட்டிக் கொடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், குழாயடிப் பழக்கம் இருக்கிறது. காப்பாற்றியவரை என்ன செய்வது? அந்த நல்ல மனசைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கொஞ்ச நாளில் புது ஜாக்குகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. நட்டு முறுக்க ஆள் வேண்டும் என்று பேத்தி எங்கள் இருவரையும் உட்கார வைத்தாள். சம்பந்தி என் காதருகே குனிந்தார்.

"நல்லா முறுக்குங்க, சம்பந்தி. கழட்டத் தெரிஞ்ச கைதானே."

பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். நான் போட்ட நட்டு ஒன்றுகூட இதுவரை கழலவில்லை. அவர் போட்டதில் இரண்டு கழன்றுவிட்டதாம். அதைப் பேத்தி சொல்லக் கேட்டதிலிருந்து நன்றாகச் சாப்பிடுகிறேன்.