துபாய்க்கு அனுப்பிய பாலிசி

ஒத்தக்கடையில் தனியாகத் தொழில் செய்யும் நிதி ஆலோசகர் அவர். வழுக்கைத் தலை, சிரிக்காத முகம். இன்சூரன்ஸ் கம்பெனி ஏஜெண்டாக இருந்தபோது பரிசாகப் போய்வந்த பாங்காக், துபாய் படங்கள் சுவரில் இருந்தன. அவற்றைத் துண்டால் துடைத்துக்கொண்டேதான் பேசுவார்.

மச்சினன் என் தலையில் கட்டிய பாலிசியை நீட்டினேன். "இது நல்லதாண்ணே?"

துபாய் படத்தைக் காட்டினார். "ரொம்ப நல்ல பாலிசி. இதே பாலிசிய வித்துத்தான் அங்க போனேன்."

"எனக்கு?"

"உங்களுக்கு ஒண்ணுமில்ல. நிறுத்திருங்க."

ஆலோசனைக்கான கட்டணத்தைக் கொடுத்தேன். "இப்ப எங்கயும் போறதில்லையாண்ணே?"

"போன வாரம் அழகர்கோயில் போனோம். சொந்தச் செலவு."

நான் நிறுத்தவில்லை. மச்சினனாயிற்றே. போன மாதம் கம்பெனி அவனைச் சிங்கப்பூர் அனுப்பியது. அங்கிருந்து அவன் வாங்கிவந்த காந்தச் சிங்கம் எங்கள் ஃபிரிட்ஜில் இருக்கிறது. அந்த மனிதரை நினைத்துக்கொண்டு நான்தான் அதைத் துடைக்கிறேன்.