ரசமட்டம் எடுக்காத வீடு

டெய்லரம்மா ஒன்றை முடிவு பண்ணிவிட்டால் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது. பள்ளிக்கூடச் சீருடையும் ஜன்னல் திரையும் தைத்தே இரண்டு பெண்களைப் படிக்க வைத்து வேலைக்கு அனுப்பியவள். இப்போது அவள் ஒற்றைக் காலில் நின்றது தன் வீட்டுக்காரரை நடக்க வைக்க. அதற்கு முதலில் விளக்கை நேராக்க வேண்டியிருந்தது.

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

வீட்டுக்காரர் தச்சர். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போய்விட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பிய அன்று, அவருக்கென்று வாங்கிய இரும்புக் கட்டிலைத் தூக்கி வந்தவர்கள் சாப்பாட்டு மேஜைக்கு மேலே தொங்கிய விளக்கில் இடித்துவிட்டார்கள். அவரே இழைத்துச் செய்த நீளமான மரச்சட்டம் அது. இரண்டு முனையிலும் ஒவ்வொரு கம்பி கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார். இடித்த வேகத்தில் வலது கம்பி திருகிலிருந்து நழுவி, அந்தப் பக்கம் இறங்கிவிட்டது.

பிசியோதெரபிக்கு வரும் பெண் கறாராகச் சொல்லிவிட்டாள். "இந்த மாசம்தான்மா முக்கியம். இப்ப நடக்கலேன்னா கால் அப்படியே இறுகிப் போயிடும்."

தச்சர் நாற்காலியை விட்டு அசையவில்லை. "மொதல்ல அந்த விளக்கை நேராக்கு. அதைப் பாத்தாலே எந்திரிக்க மனசு வரல. அது நேரானா நான் நடக்கறேன்."

சுத்தமான சாக்கு. அவளுக்குத் தெரியாதா? சாக்கைப் பிடுங்கிக்கொண்டால் மனுஷன் என்ன பண்ணுகிறார், பார்க்கலாம் என்று மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மேஜைமேல் ஏறினாள்.

திருகைத் தளர்த்தி வலது கம்பியை மேலே இழுத்து இறுக்கினாள். "இடது பக்கம் இன்னும் தூக்கிட்டு நிக்குது" என்றார். வலதை இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். "இன்னும்." ஏற்றினாள். மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாள்தான் "ம், பரவால்ல" என்று வாய் திறந்தார். அதுவும் அரை மனசாக.

அவர் கருவிப் பெட்டியில் ரசமட்டம் இல்லாமலில்லை. குமிழி ஓடும் கண்ணாடிக் குழாய் பதித்த அந்தக் கட்டையை வைத்துப் பார்த்திருந்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஆனால் அந்த வீட்டில் அதை யாரும் எடுப்பதில்லை. "கண்ணை நம்பாதவனுக்குத்தான் அது" என்பார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அவர் மட்டம் என்றால் மட்டம். ஒரு தடவை பெரிய பெண் விளையாட்டாக அவர் அடித்த அலமாரிமேல் அதை வைத்துப் பார்த்துவிட்டாள். குமிழி நட்டநடுவில்தான் நின்றது. இருந்தும் இரண்டு நாள் மகளோடு பேசவில்லை அவர்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன், தைக்கக் கொடுத்த பேண்ட்டை வாங்க வந்தான். வந்தவன் விளக்கைப் பார்த்துவிட்டான்.

"என்னக்கா இது? வலது பக்கம் கூரைய முட்டிட்டு நிக்குது!"

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "கண்ணைக் கழுவிட்டு வாடா. யாரு பாத்துச் சொல்லி மாட்டினது தெரியுமா?"

அவன் பேண்ட்டை எடுத்துக்கொண்டு நழுவினான். ஆனால் அவன் சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. நாற்காலியிலேயே தச்சர் கண்ணயர்ந்த நேரம், சொந்த வீட்டிலேயே திருடி மாதிரி பெட்டியைத் திறந்து ரசமட்டத்தை எடுத்தாள். மேஜைமேல் ஏறிச் சட்டத்தின்மேல் வைத்தாள். குமிழி வலது கோடிக்கு ஓடி அங்கேயே ஒட்டிக்கொண்டது.

அவளுக்குப் பகீரென்றது. அவருக்குக் கை விழுந்தபோதுகூட அவள் அழவில்லை. அந்தக் குமிழியைப் பார்த்து அழுதாள். கண்ணும் போய்விட்டதென்றால் அந்த மனுஷனிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கீழே பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. அவர் உட்கார்ந்திருந்த வாக்கில் இடது தோள் நாலு விரல் இறங்கியிருந்தது. அவள் அளவெடுத்துத் தைத்த சட்டை ஒரு பக்கமாக வழிந்தது. தோளோடு தலையும் சாய்ந்திருந்தது. ஊரார் தோளையெல்லாம் அளந்தவள், இத்தனை நாளாகக் கட்டினவரின் தோளைப் பார்க்கவில்லை. அவர் கண் சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரசமட்டத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். திரைத் துணி வெட்டுத் துண்டுகளை ஒரு தலையணை உறையில் திணித்து, அவர் இடது இடுப்புக்கடியில் சொருகினாள். தச்சர் நிமிர்ந்தார், கண் விழித்தார், பழக்கத்தில் ஒரு கண்ணை மூடி மேலே பார்த்தார்.

"ஏய், எந்த மடையன் மாட்டினான் இதை? வலது பக்கம் வானத்தைப் பாக்குது!"

எலக்ட்ரீஷியன் தலையில் பழியைப் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். போடவில்லை.

"நீங்க சொன்னபடிதான் மாட்டினேன்."

"நானா?" என்றவர், அடியில் சொருகியிருந்த உறையைத் தடவிப் பார்த்தார். மேஜைமேல் கிடந்த ரசமட்டத்தைப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது. ஆனாலும் அவள் விடவில்லை.

"எந்திரிச்சு வந்து விளக்குக்கு நேரா நின்னு சொல்லுங்க. உக்காந்த இடத்துல இருந்து சொன்னா, இனிமே ஒரு திருகைக்கூடத் தொடமாட்டேன்."

முறைத்தார். அவளும் முறைத்தாள். விளக்கோ அவர் கையால் செய்த விளக்கு, தலைக்கு மேலே கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவரால் பொறுக்க முடியவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார். அவள் தோளில் வலது கையை ஊன்றி, வராத காலை இழுத்து இழுத்து மேஜை வரைக்கும் வந்தார். வியர்த்துக் கொட்டியது. மேஜை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் நிற்பார் என்று தெரிந்த பிறகுதான் அவள் மேலே ஏறினாள்.

"வலதை இறக்கு. இன்னும். இன்னுங் கொஞ்சம். போதும், இறுக்கு."

இறுக்கினாள்.

"அந்த ரசமட்டத்தை வை."

கேட்டது சரிதானா என்று அவரைப் பார்த்தாள். பிறகு வைத்தாள். குமிழி நடுவில் வந்து நின்றது.

தச்சர் நீளமாக மூச்சு விட்டார். "கண்ணு கெடல. உக்காந்த இடந்தான் கோணல்."

"அதுக்குத்தானே எந்திரிங்க எந்திரிங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேன்" என்று சொல்லிக்கொண்டே இறங்கி, தோளைக் கொடுத்தாள். "வந்தது வந்தீங்க, அப்படியே வாசல் வரைக்கும் நடங்க."